தாய்மாமன் ஊற்றிய தம்ளர்

மரக்காணம்
12.5.2024

அன்பு மகள் மலர்கொடிக்கு, அம்மா சின்னப்பாப்பா எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் நல்லபடி இருக்கிறோம். என் கால் வீக்கம் வடிந்துவிட்டது, காதுதான் அப்படியே கிடக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமா என்று எழுது. போன் வேண்டாம். போனில் நீ பேசுவது வண்டு குடைகிற மாதிரி இருக்கிறது. உன் தம்பி பலராமன் வாங்கிக் கேட்டுவிட்டுப் பாதியை முழுங்கிக்கொண்டு மீதியைச் சொல்கிறான். அஞ்சாவது வரைக்கும் படித்தவளுக்கு நடுவில் எதுக்கு ஒரு ஆள்?

நல்ல சேதியை முதலில் சொல்கிறேன். பலராமன் மகன் தமிழ்வேந்தன் பத்தாவதில் நானூற்று நாற்பது மார்க். உப்பளத்து வரப்பில் நின்று சொன்னேன். செவிடி பேசினால் எவ்வளவு தூரம் கேட்கும் என்று உனக்குத் தெரியும், நாலு பாத்தி தள்ளி உப்பு வாரிக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். அதோடு விடவில்லை. உன் மூத்தவன் சரத்குமார் இன்ஜினியர், ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை, அடுத்த வருஷம் ஜெர்மனிக்கு அனுப்பப் போகிறார்கள் என்றேன். உன் சின்னவள் இலக்கியா காலேஜ் வாலிபால் டீமுக்கே கேப்டன், பேப்பரில் படம் வந்திருக்கிறது என்றேன். பலராமனின் சின்னது கிருபா, மூணு வயசில் தன் பெயரைத் தானே எழுதுகிறது என்றேன். எவளுக்காவது பொறாமையாக இருந்தால் இருக்கட்டும்.

கிருபாவுக்கு ஜூன் ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காது குத்து. சமையலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. ஆம்பிளைகளுக்குத் தென்னந்தோப்பில் தனி ஏற்பாடு. பலராமன் கோட்டக்குப்பம் தாண்டிப் பாண்டிக்கே போய் நல்லதாக வாங்கி வருகிறான். போன வருஷம் பின் தெரு விசேஷத்தில் ஊற்றவில்லை என்று சொந்தக்காரர்கள் பந்தியை விட்டு எழுந்து போனார்கள். அந்தப் பேச்சு நம்ம வீட்டுக்கு வரக் கூடாது.

சரத்குமார் புது மோட்டார் சைக்கிளோடு நிற்கிற போட்டோ ஒன்றைத் தபாலில் அனுப்பு. செல்லில் தள்ளித் தள்ளிக் காட்டுவதெல்லாம் எனக்குப் போட்டோ இல்லை.

இப்படிக்கு,
அம்மா

*

ஆவடி
22.5.2024

அன்புள்ள அம்மாவுக்கு மலர்கொடி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இலக்கியா சிரித்துக்கொண்டே இருக்கிறாள். "ஆயா என்னை இன்னும் நாலு ஊருக்குக் கேக்குற மாதிரி சொல்லட்டும்" என்கிறாள்.

அவருக்கு அன்றைக்கு வேலை இருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். போட்டோ எதற்கு, வண்டியையே கொண்டுவந்து காட்டுகிறேன் என்கிறான் சரத். இலக்கியா அவன் பின்னால் உட்கார்ந்து வருவாளாம். எனக்கு அந்த வேகம் ஒத்துக்கொள்ளாது, பஸ்தான். மாத்திரையை விடாமல் சாப்பிடு.

உன் மகள்,
மலர்கொடி

*

மரக்காணம்
20.6.2024

மலர்கொடிக்கு அம்மா எழுதுவது. இங்கே யார் நலமாக இருக்க முடியும்? என் தங்கம் இலக்கியாவுக்கு எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப் போடா என்று பலராமனைத் தினமும் கேட்கிறேன். "நீ வந்து என்னம்மா செய்யப் போற" என்கிறான்.

காது குத்து முடிந்து, சிரித்த முகமாக வண்டியில் ஏறின பிள்ளைகள். திண்டிவனம் ரோட்டில் கண்ணாயிரத்தின் உப்பு லாரி ரிவர்ஸில் வந்து இடித்துவிட்டது என்று நீ போனில் சொன்னதைப் பலராமன் வந்து சொன்னான். கண்ணாயிரம் யார்? நம்ம பாத்தி உப்பை ஏற்றுகிறவன். நம்ம வீட்டில் எத்தனை தடவை சோறு தின்றவன். பின்னால் பார்க்காமல் லாரியை எடுப்பானா?

நேரே அவன் வீட்டுக்குப் போனேன். அவனைப் போலீஸ் கூட்டிப் போயிருந்தது. அவன் பெண்டாட்டி சங்கீதா வாசலில் நின்றாள். ரெண்டு கையாலும் தெரு மண்ணை வாரி அந்த வாசலில் தூற்றினேன். "என் பேத்தி முகத்தைக் கெடுத்தவன் குடும்பம் வெளங்காமப் போவ!" என்று கத்தினேன். தெருவே கூடிவிட்டது. அவள் தலையில் விழுந்த மண்ணைத் தட்டிக்கொண்டு உள்ளே போனாள். நான் அவ்வளவு ஆத்திரமாக இருந்தேன்.

இலக்கியாவை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கட்டுப் போட்டிருந்தாலும் பரவாயில்லை, முகத்தைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அம்மா

*

ஆவடி
8.7.2024

அம்மாவுக்கு, மலர்கொடி. உன் உடம்பைப் பார்த்துக்கொள். இலக்கியா தேறி வருகிறாள். தாடையில் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள், பேச முடியாது, கஞ்சிதான். சரத்துக்கு முழங்கையில் சிராய்ப்பு, ஆறிவிட்டது.

அங்கே வெயில் எப்படி? உப்பு நன்றாக விளைகிறதா? கிருபா காது புண்ணாகாமல் ஆறியதா?

போட்டோ எடுக்க நேரம் இல்லை. கண்ணாயிரம் வீட்டுப் பக்கம் இனிமேல் போகாதே. அவர்களிடம் எதுவும் பேசாதே. கேஸ் நடக்கிறது.

மலர்கொடி

*

மரக்காணம்
25.7.2024

மலர்கொடிக்கு அம்மாவின் ஆசிகள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு மனசுதான் சரியில்லை. மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது எந்தத் தாயாவது உப்பு விளைச்சலைப் பற்றி விசாரிப்பாளா?

கண்ணாயிரத்தின் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். லாரி முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அவன் பெண்டாட்டி இப்போது நம்ம பக்கத்து உப்பளத்தில் கூடை தூக்குகிறாள். நேற்று நான் வரப்பில் போகும்போது கூடையை இறக்கி வைத்துவிட்டு என் காதோரம் வந்து கத்தினாள். செவிடியிடம் ரகசியம் பேச முடியாது இல்லையா, உப்பளமே கேட்டது.

"ஆயா, என் வாசல்ல மண்ணை வாரித் தூத்துனியே, அன்னிக்குத் தோப்புல உன் பேரனுக்கு என்ன ஊத்துனாங்கன்னு கேட்டியா?"

என் பேரன் படித்தவன் என்றேன். "படிச்சவன் வாயில போனா அது மோரா மாறிடுமா?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வாரிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து பலராமனைக் கேட்டேன். "கூல்டிரிங்ஸ்தாம்மா குடிச்சான்" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

நீ பஸ்ஸில்தானே போனாய்? அதே ரோடுதானே? பிள்ளைகள் வண்டி உன் பஸ்ஸுக்கு முன்னால் போயிற்றா, பின்னால் வந்ததா? கண்ணில் எதுவும் பட்டதா? ஒரு வரி எழுது. இலக்கியா போட்டோவையும் மறக்காமல் வை.

அம்மா

*

ஆவடி
30.8.2024

அன்பு ஆயாவுக்கு இலக்கியா எழுதுகிறேன். நீ நல்லா இருக்கியா? காதுக்கு மருந்து விடுகிறாயா?

உன் கடிதத்தை அம்மா படித்துவிட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். ஒரு மாதமாகப் பதில் போடுவார்கள் என்று பார்த்தேன். போடவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். தாடைக் கம்பியைப் போன வாரம் எடுத்தார்கள். பேசினால் எனக்கே புரியவில்லை, குழறுகிறது. உனக்குக் காது கேட்காது, எனக்கு வாய் வராது, நமக்குள் கடிதம்தான் சரி.

அன்றைக்குக் கிளம்பலாம் என்று அண்ணனைக் கூப்பிடத் தோப்புக்குப் போனேன். மாமா தம்ளரை நீட்டிக்கொண்டிருந்தார். "வண்டி ஓட்டணும் மாமா, வேணாம்" என்றான் அண்ணன். ஆயா, முதலில் அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான். மாமா விடவில்லை. "டேய், தாய்மாமன் ஊத்துனா வேணாம்னு சொல்ற மொத ஆளு நீதான்டா. இன்ஜினியர் ஆயிட்டா மாமன் கை நாறுதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் வாங்கினான். அதற்கப்புறம் அவனே நீட்டினான்.

நான் பஸ்ஸில் வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "அவன் மனசு கஷ்டப்படும், ஏறிக்கோடி" என்றார்கள். ஏறிக்கொண்டேன்.

அம்மாவின் பஸ் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் அதை ஓவர்டேக் செய்தான். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கையை விட்டுவிட்டு, திரும்பி அம்மாவைப் பார்த்து டாட்டா காட்டினான். லாரி ரிவர்ஸ் எல்லாம் வரவில்லை, ஆயா. பஞ்சராகி ரோட்டை விட்டு இறங்கி நின்றுகொண்டிருந்தது. பின்னால் வேப்பங்கிளை ஒடித்துப் போட்டு, கல்லும் வைத்திருந்தார்கள். நான் அந்தக் கிளையைப் பார்த்தேன். "அண்ணா" என்று கத்தினேன். லாரியின் பின் பலகைதான் என் முகத்தில் அடித்தது. அண்ணன் பக்கத்தில் மண்ணில் விழுந்தான்.

என்னைத் தூக்கினது கண்ணாயிரம் அண்ணன். தன் கைலியைக் கிழித்து என் வாயில் அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தார். பஸ்ஸிலிருந்து அம்மா மட்டும் இறங்கி எங்களோடு வந்தார்கள், மற்றவர்கள் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறிப் போய்விட்டார்கள். அப்பா வந்த பிறகுதான் ரிவர்ஸ் என்று ஒரு கதை ஆரம்பித்தது. பார்த்த சாட்சி என்று அம்மா கையெழுத்துப் போட்டார்கள். எனக்கு வாயைக் கட்டியிருந்தது.

அண்ணனுக்கு அப்பா புது வண்டி வாங்கிக் கொடுத்துவிட்டார். இன்னமும் குடித்துவிட்டுத்தான் ஓட்டுகிறான்.

உன் பேத்தி,
இலக்கியா

*

மரக்காணம்
8.9.2024

மலர்கொடிக்கு.

நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய்.

இலக்கியா எழுதிவிட்டாள். அவளை அடிக்காதே. அடித்தாய் என்று தெரிந்தால் அங்கேயே வந்து உட்கார்ந்துகொள்வேன்.

கண்ணெதிரே பார்த்துவிட்டு, பெற்ற மகள் வாயில் ரத்தத்தோடு கிடக்கும்போது, அவளைத் தூக்கினவன் மேலேயே பழி சொல்ல உனக்கு எப்படி நாக்கு புரண்டது? நீ சொன்னதை நம்பி நான் மண் தூற்றினேன். தூற்றின மண்ணைத் திரும்ப வாங்க முடியாது. இந்த ஊரில் அதைச் செய்துவிட்டால் செய்ததுதான்.

கண்ணாயிரம் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். லாரி ஓட்டுகிறவனைப் பட்டப்பகலில் வீட்டில் பார்ப்பதே கண்ணுக்கு ஆகவில்லை. உள்ளே கூப்பிடுவானா, துரத்துவானா என்று நின்றேன். என்னைப் பார்த்ததும் எழுந்து காதுக்கிட்டே வந்து, "பாப்பாவுக்குப் பல்லு எல்லாம் சரியாயிடுச்சா ஆயா?" என்று கேட்டான். சங்கீதா உள்ளே இருந்து, "அவங்க வீட்டுக் கதைய அவங்களே பாத்துப்பாங்க, நீ உக்காரு" என்று கத்தினாள். அவள் கத்தினதில் ஒரு தப்பும் இல்லை.

இனிமேல் எனக்குப் போட்டோ எதுவும் அனுப்ப வேண்டாம்.

ஸ்டேஷனுக்குப் போய் நீ பார்த்ததைச் சொல். நீ போட்ட கையெழுத்தை நீயே மாற்று. இந்த மாசம் முடிகிற வரைக்கும் காத்திருப்பேன்.

சின்னப்பாப்பா

*

ஆவடி
21.9.2024

அம்மாவுக்கு மலர்கொடி எழுதுவது. நலம் விசாரிக்க நீ இடம் கொடுக்கவில்லை.

தோப்பில் ஊற்றினது யார்? உன் மகன். யார் வீட்டு விசேஷம்? உன் வீட்டு விசேஷம். அன்றைக்குத் தோப்பில் இருந்த அத்தனை பேரும் குடித்தார்கள். அத்தனை பேரும் வண்டியை எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்கள். பெண்டாட்டி பிள்ளையை வைத்துக்கொண்டு போனார்கள். யாருக்கு என்ன ஆயிற்று? என் பிள்ளைக்கு மட்டும் நேரம் சரியில்லை. அதற்கு அவன் ஜெயிலுக்குப் போகணுமா?

ஜெர்மனி விசாவுக்குப் பேப்பர் போயிருக்கிறது. கேஸ் என்று ஒன்று விழுந்தால் எல்லாம் போச்சு. நம்ம வம்சத்தில் ஏரோப்ளேன் ஏறப் போகிற முதல் ஆள் அவன். ஊர் முழுக்கக் கத்திச் சொன்னவள் நீதானே? கண்ணாயிரத்துக்கு அவர் ஏதாவது பார்த்துச் செய்வார்.

அவன் டாட்டா காட்டினது என்னைப் பார்த்து, அம்மா. நானும் காட்டினேன். கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. என்னை அதற்கு மேல் எதையும் சொல்ல வைக்காதே.

மலர்கொடி

*

மரக்காணம்
5.10.2024

அன்புப் பேத்தி இலக்கியாவுக்கு ஆயா எழுதுவது. கஞ்சியை விட்டுச் சோறு சாப்பிட ஆரம்பித்தாயா? குழைய வடித்துச் சாப்பிடு. இதை நீ படிப்பதற்கு முன்னால் உன் அம்மா படித்தாலும் எனக்கு அக்கறை இல்லை.

மாசம் முடிந்தது. உன் அம்மா வரவில்லை. நானே ஸ்டேஷனுக்குப் போனேன். "இந்த வயசுல எங்கம்மா போற?" என்று பலராமன் வழியை மறித்தான். "உனக்கு ஊத்த வயசு இருக்கும்போது எனக்குச் சொல்ல வயசு இல்லையாடா?" என்றேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. சோறு மட்டும் மருமகள் வைக்கிறாள்.

ஸ்டேஷனில் எழுதுகிற ஏட்டு நல்லவர்தான். நாற்காலி போட்டார். என் காதுக்கு ஏற்ற மாதிரி சத்தமாகத்தான் பேசினார். ஆனால் எழுதவில்லை.

"ஆயா, லாரியில வண்டி மோதுனத நீ பாத்தியா?"

"இல்ல. தோப்புல ஊத்துனது எனக்குத் தெரியும்."

"ஆக்சிடெண்ட் தோப்புலயா நடந்துச்சு?"

பக்கத்தில் இருந்த போலீஸ்காரப் பையன் சிரித்தான். "இந்த ரோட்டுல சாயங்காலம் போறவன்ல பாதிப் பேரு குடிச்சவன்தான் ஆயா. பாண்டியிலிருந்து வர்றவன் வயித்துலயே கொண்டாறான். எல்லாரையும் புடிச்சா ஒக்கார வைக்க எடம் ஏது?" என்று அவனும் என் காதில் கத்தினான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "எடம் இல்லேன்னா எங்க உப்பளத்துல கொண்டாந்து விடு. வெயில்ல நின்னு கூடை தூக்கட்டும், போதை எறங்கும்" என்றேன். ஏட்டு என்னைச் சமாதானப்படுத்தி, "பாத்தவங்க வந்து சொன்னாத்தான் ஆயா நான் எழுத முடியும். ஏற்கெனவே ஒரு அம்மா பாத்தேன்னு கையெழுத்து போட்டிருக்காங்க" என்று அனுப்பிவிட்டார். அந்த அம்மா என் மகள் என்று நான் சொல்லவில்லை.

கண்ணாயிரம் கேஸ் அடுத்த மாசம் கோர்ட்டுக்கு வருகிறதாம். குற்றத்தை ஒத்துக்கொண்டால் சுருக்கமாக முடியும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவனும் அலுத்துப்போய்ச் சரி என்கிறான். செய்யாததை ஒத்துக்கொள்ளப் போகிறான்.

நான் உன்னை எதுவும் கேட்கவில்லை. வாய்க்கு மருந்து தடவு. பயிற்சி செய்து பேசிப் பழகு.

ஆயா

*

ஆவடி
16.10.2024

ஆயாவுக்கு, இலக்கியா. நான் சோறு சாப்பிடுகிறேன். கண்ணாடி பார்க்கப் பழகிவிட்டேன்.

நீ கேட்கவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை நான் பத்து தடவை படித்திருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் பிரியாணி வாங்கி வருகிறேன் என்று சாவியை எடுத்தான். கிட்டே வந்தபோது வாடை. நான் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கதவை மறித்து நின்றேன். "குடுறி" என்று அவன் சிரித்தான். நான் கொடுக்கவில்லை. அம்மா அடுப்படியில் இருந்து வந்தார்கள். என் கையிலிருந்து சாவியை வாங்கினார்கள். பீரோவில் வைத்துப் பூட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவன் கையில் கொடுத்து, "பாத்துப் போடா" என்றார்கள்.

தெரு முனையில் சின்னப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் அந்த முனையைத் தாண்டுகிற வரைக்கும் நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை.

வர்ற செவ்வாய்க்கிழமை வருகிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வருவேன். பேச்சு இன்னும் தெளிவாக வரவில்லை, அவர்களுக்குப் புரியவில்லை என்றால் எழுதிக் காட்டுகிறேன். மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் நில்லு.

இலக்கியா

*

மரக்காணம்
24.10.2024

சரத்குமாருக்கு ஆயா எழுதுவது. உன் பெயருக்கு நான் போடுகிற முதல் கடிதம் இது. இப்படி ஒரு கடிதமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

உன் தங்கச்சி செவ்வாய்க்கிழமை வந்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். அதைப் பற்றி உனக்கு எழுத மாட்டேன், நீ தினமும் பார்க்கிறவன். ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு நடந்து போனோம். பெண் இன்ஸ்பெக்டர் இருந்தார். இலக்கியா பேசினாள். பாதி வார்த்தை குழறியது, எச்சில் வழிந்தது, துடைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னாள். வேப்பங்கிளை என்பது மட்டும் யாருக்கும் புரியவில்லை. ஏட்டிடம் பேனா வாங்கி எழுதிக் காட்டினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கண்ணாயிரத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்து நின்றான். இலக்கியாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் துண்டால் கண்ணைத் துடைத்தான். சங்கீதாவும் வந்தாள். அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

பிறகு இன்ஸ்பெக்டர் என் காதோரம் வந்தார். ஏட்டு எழுதத் தயாராக உட்கார்ந்தார்.

"தோப்புல ஊத்துனது யாரு ஆயா?"

"என் மகன் பலராமன்."

"குடிச்சிட்டு ஓட்டுனது?"

"என் பேரன் சரத்குமார்."

"லாரி ரிவர்ஸ்ல வந்துச்சுன்னு பொய்யாக் கையெழுத்து போட்டது?"

இலக்கியாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "என் மக மலர்கொடி" என்றேன்.

ஏட்டு பேனாவை வைத்துவிட்டார். "ஒரே குடும்பத்த மொத்தமா எழுதச் சொல்றியே ஆயா, வீட்டுல யாராச்சும் பாக்கி இருக்காங்களா?" என்றார்.

"நான் பாக்கி. தோப்புல ஊத்துறாங்கன்னு தெரிஞ்சும் பந்தியில நின்னுக்கிட்டு இருந்தவ. என் பேரையும் எழுதிக்குங்க" என்றேன்.

இன்ஸ்பெக்டர் எழுதச் சொன்னார். கீழே நான் கைநாட்டு வைக்கவில்லை. சின்னப்பாப்பா என்று முழுசாகக் கையெழுத்துப் போட்டேன்.

உனக்குச் சம்மன் வரும். உன் அப்பாவுக்கு ஸ்டேஷனில் ஆள் தெரியும், அங்கே தெரியும் இங்கே தெரியும் என்பதெல்லாம் வேண்டாம். ஜெர்மனி போனால் போகட்டும். நீ வந்து, கண்ணாயிரம் நிற்கிற இடத்தில் நில்.

வரும்போது பஸ்ஸில் வா.

ஆயா
சின்னப்பாப்பா